இரண்டு பேருக்கு ஒரு மழைக்கோட்டு

1

போன சனிக்கிழமை நான் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து என் மகள் கவிதா ஒரு தாளைக் கொண்டு வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "கையெழுத்து போடுப்பா" என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடத்துகிற மலை ஓட்டத்துக்கு அப்பா அம்மா சம்மதக் கடிதம்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு மலை ஓட்டம் என்றால் சிரிப்பு வரும். இங்கிலாந்தின் வடக்கே, மரம் மட்டை இல்லாத மொட்டை மலைகளில், பாதை இல்லாத இடமாகப் பார்த்து இவர்கள் ஓடி ஏறுகிறார்கள், பிறகு ஓடி இறங்குகிறார்கள். துரத்துகிறவர் யாரும் கிடையாது. உச்சியில் சாமியும் கிடையாது. மழை, மூடுபனி, கால் புதைகிற சேறு, அவ்வளவுதான். முடிந்ததும் தேநீர் குடித்துவிட்டு "அருமையான நாள்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

தாளில் கட்டாயம் கொண்டு போக வேண்டிய சாமான் பட்டியல் இருந்தது. காற்றும் மழையும் புகாத கோட்டு, அதே துணியில் கால்சட்டை, கம்பளித் தொப்பி, கையுறை, மேப், காம்பஸ், விசில், ஆபத்துக்குத் தின்ன ஏதாவது. கீழே தடித்த எழுத்தில், ஒவ்வொருவரும் தம் சாமானைத் தாமே சுமக்க வேண்டும், இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளக் கூடாது என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று ஒரு கையெழுத்து. கோதண்டம். என் தங்கை மல்லிகாவின் புருஷன், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான்.

"மாமா ஸ்கூலுக்கு வந்து பேசினாங்கப்பா" என்றாள் கவிதா. அவள் தமிழ் ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று வரும். "ஒருத்தர் ஃபாஸ்டா ஓடணும்னு கோட்டைத் தூக்கிப் போட்டுட்டார், செத்துப் போயிருப்பார், மாமா சேவ் பண்ணினார்னு. அது நீதானாமே? எல்லாரும் என்னைப் பார்த்தாங்க."

"உன் மாமா அப்படியா சொன்னார்?"

"ஆமா. ஏம்பா தூக்கிப் போட்ட?"

என் மனைவி காட்டூர்க்காரி, நெல் விளைகிற குடும்பம், எங்கள் மீனவக் குப்பத்துப் படகு வழக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாது. "கையெழுத்தப் போடுங்க, கொழம்பு ஆறுது" என்றாள். போட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் போட்டேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2

என் பெயர் ஏழுமலை. பெயரில்தான் ஏழு மலை இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த இடத்தில் ஏறி நின்று பார்க்க ஒரு மேடுகூடக் கிடையாது. பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் குப்பம். தண்ணீரும் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

அங்கே இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கிற தொழில் உண்டு. வலையின் ஒரு முனை இந்தப் படகில், மறு முனை அந்தப் படகில். கிளம்பும்போது சாமானைப் பிரித்து ஏற்றுவார்கள். தண்ணீர்க் குடமும் சோற்றுச் சட்டியும் ஒன்றில், தார்ப்பாயும் விளக்கும் நெருப்புப் பெட்டியும் இன்னொன்றில். இது யாருடையது என்று கேட்கிற பழக்கமே இல்லை. தாகம் எடுத்தால் அவன் குடத்தை நீட்டுவான், மழை பிடித்தால் இவன் தார்ப்பாயை வீசுவான். நடுவில் வலை கிடக்கிறபோது ஒரு படகு இன்னொன்றை விட்டுவிட்டு எங்கே போய்விட முடியும்?

இன்னொரு பழக்கமும் உண்டு. ஏரியில் பல இடத்தில் முழங்கால் தண்ணீர்தான். பனிக்காலத்து விடியலில் கண் தெரியாமல் படகு சேற்றில் தட்டி நின்றுவிடும். ஒருவன் இறங்கி, "இரு, ஆழம் பாத்துட்டு வரேன்" என்று போவான். இருக்கிறவன் நகரக் கூடாது. நகர்ந்தால் திரும்பி வருகிறவனுக்குப் படகு அகப்படாது. என் நைனா ஒரு தடவை வெயில் ஏறுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். போன ஆள் வந்தான். வராமல் போனவன் என்று எங்கள் குப்பத்தில் யாரும் இல்லை. அப்படி ஒருவன் செய்தால் அவனோடு மட்டுமல்ல, அவன் அப்பனோடும் தம்பியோடும் யாரும் படகு ஏற மாட்டார்கள். சோறு அதோடு போச்சு.

கோதண்டம் எங்கள் தெருதான். பட்டணத்தில் ஃபிட்டர் படிப்பு இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த மலையடி ஊரின் காகித ஆலைக்கு இரண்டு பேரும் வேலைக்கு வந்தோம். ஒரே அறை, ஒரே ஸ்டவ், குளிர்கால முதல் மாசத்தில் ஒரே கம்பளிகூட. அவன் நைனா அப்போதும் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவன் தம்பி என் நைனா படகில் ஆள்.

3

ஆலையில் எங்கள் ஃபோர்மேன் ஓட்டப் பைத்தியம். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் மேட்டில் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, அவர் இருக்கிற ஓட்டக்காரர் மன்றம் நடத்துகிற மலை ஓட்டத்தில் எங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். சேற்றில் நடந்து பழகின கால், எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கோதண்டத்துக்கு மட்டும் அதில் ஒரு வெறி வந்துவிட்டது. அந்த மன்றத்தின் அணியில் சேர வேண்டும், பெயர் பலகையில் வர வேண்டும், வெள்ளைக்காரன் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். எனக்கும் ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு அது பசி.

சில வருஷம் முன்னே ஒரு மலையில் குளிரில் விறைத்து ஒரு ஆள் போய்விட்டாராம், அதிலிருந்து சாமான் பட்டியல் இல்லாமல் ஓட விடுவதில்லை என்று ஃபோர்மேன் சொன்னார். நாங்கள் கடைக்குப் போய் ஒரு செட் வாங்கினோம். ஒரு கோட்டு, ஒரு கால்சட்டை, ஒரு மேப், ஒரு காம்பஸ், ஒரு விசில். இரண்டாவது செட் வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கஞ்சத்தனம் இல்லை. சேர்ந்து போகிறோம், சாமான் இருக்கிறது. எங்கள் புத்தி அவ்வளவுதான் போயிற்று.

ஓட்டத்தன்று பள்ளிக்கூட ஹாலில் மேஜை போட்டுச் சோதித்தார்கள். கோதண்டம் முதலில் பையைத் திறந்து காட்டி டிக் வாங்கினான். பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து பையை என்னிடம் கொடுத்தான். நானும் காட்டி டிக் வாங்கினேன். இரண்டு தடவை கேட்கிறார்கள், இரண்டு தடவை காட்டுகிறோம். அது திருட்டு வேலை என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

வெளியே வந்ததும் பிரித்துக்கொண்டோம்.

"நீ கோட்டும் மிட்டாயும் வச்சிக்கோ. கால்சட்ட, மேப்பு, காம்பசு, விசிலு எனக்கு" என்றான். "வழி நான் பாத்துக்கறேன். ஒண்ணாதானடா ஓடப்போறோம்."

ஒன்றாகத்தான் ஏறினோம். பாதி மலைக்கு மேலே மேகம் இறங்கிவிட்டது. சாரல் பக்கவாட்டில் அடித்தது. "கோட்ட குடுடா, ஒடம்பு வெடவெடன்னு ஆட்து" என்றான். கொடுத்தேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதாகத்தான் பேச்சு. உச்சிக்குப் போனபோது கையை நீட்டினால் கை தெரியவில்லை. அங்கே கல்லைக் குவித்து வைத்திருந்தார்கள்.

"ஏழுமல, நீ இங்கியே இரு. எறங்கற வழி பாத்துட்டு வந்து கூப்டறேன்."

"சீக்கிரம் வாடா, குளுர்து."

"இதோ."

பனிக்குள் போனான். எங்களுக்குப் பின்னால் வந்த ஆட்கள் இரண்டு மூன்று பேர் என்னைத் தாண்டி இறங்குகிற சத்தம் கேட்டது. அவர்களோடு போயிருக்கலாம். போகவில்லை. கோதண்டம் திரும்பி வந்து நான் இல்லாமல் தேடுவானே என்று கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பனியனும் அரைக்கால் சட்டையும்தான் உடம்பில். கூப்பிட்டேன், காற்று வாயிலேயே திருப்பி அடித்தது. விசில் அவனிடம். பையில் மிட்டாய் இருந்தது, பையைத் திறக்க விரல் மடங்கவில்லை. அப்போதும் என் கவலையெல்லாம் அவனைப் பற்றித்தான். எங்கேயாவது விழுந்து கால் முறிந்து கிடக்கிறானோ, அவன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நடுங்கிக்கொண்டு நின்றேன். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்.

அவன் ஆறாவதாக வந்திருந்தான். வந்தவர்களில் சிலரைப் பிடித்து மறுபடியும் சாமானைச் சோதிப்பது வழக்கம், அவனைப் பிடித்திருக்கிறார்கள். கோட்டு, கால்சட்டை, மேப், காம்பஸ், விசில் எல்லாம் இருந்தது. புதிதாக வந்த ஆள் எப்படி ஒழுங்காக இருக்கிறார் பாருங்கள் என்று ஃபோர்மேனே முதுகில் தட்டினாராம். உன் கூட்டாளி எங்கே என்று கேட்டதற்கு, "வழியிலேயே திரும்பிவிட்டான்" என்றானாம்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஓடின வேகத்தில் என்னை மறந்தான் என்றால்கூடப் போகட்டும் என்று விடுவேன். கீழே வந்து, மூச்சு வாங்கி, கையில் தேநீரோடு உட்கார்ந்து சொன்ன பொய் அது. நான் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொன்னால் என் கோட்டு எங்கே என்ற கேள்வி வரும். ஆறாவது இடம் போய்விடும்.

ஏறின ஆளையும் இறங்கின ஆளையும் எண்ணிக் கழிக்கிற வழக்கம் இருந்ததால் நான் பிழைத்தேன். ஒரு ஆள் குறைந்தது. வயசான இரண்டு பேர் ஒரு நாயோடு மேலே வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கல்லை விட்டு வர மாட்டேன் என்று அவர்களோடு சண்டை போட்டேனாம்.

4

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அப்புறம் விசாரணை. நீல நிறத்தில் ஒரு பாரம், அதில் நிறையக் கட்டங்கள். சாமான் யாருடையது என்று ஒரு கட்டம். நான் "இருவர்" என்று எழுதினேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனுஷர்தான். அதை அடித்துவிட்டு, "ஒரு பெயர்தான் எழுத வேண்டும்" என்றார். எனக்கு அப்போது இருந்த இங்கிலீஷில் இரட்டைப் படகையும் வலையையும் எப்படி விளக்குவது? கோதண்டம் வாயைத் திறப்பான் என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுவான்.

திறந்தான். "கனமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எங்கேயோ போட்டிருப்பான். வேண்டாம் என்று நான் சொன்னேன்" என்றான்.

பாரத்தில் அப்படியே எழுதினார்கள். இரண்டு வருஷம் எந்த ஓட்டத்திலும் நான் கலந்துகொள்ளக் கூடாது என்று தீர்ப்பு. மன்றத்தின் மாதச் செய்தித்தாளில், பாதுகாப்பு விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக என் கதை வந்தது. பெயரையும் தப்பாகப் போட்டிருந்தார்கள். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

5

அறைக்கு வந்ததும் அவன் காலைப் பிடித்துக்கொண்டான். உண்மையாகவே பிடித்தான்.

"ஊருக்கு மட்டும் எழுதாதடா. நீ இன்னா சொன்னாலும் கேக்கறேன். எங்க நைனாவ எவனும் படகுல ஏத்தமாட்டான். தம்பி தொழிலும் பூடும்."

"ஏன்டா வுட்டுட்டுப் போன?"

"மன்றத்துக் கேப்டன் என்னத் தாண்டிப் போனாரு. அவரு பின்னாலயே போய்ட்டா அணியில எடுப்பாங்கன்னு... ஒரு நிமிசத்துல புத்தி பூட்சி."

எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. அவன் நைனாவை நினைத்துத்தான் சரி என்றேன். அதற்குள் ஆலையில் இருந்த இன்னொரு ஊர்க்காரர் மூலமாக, நான் ஆஸ்பத்திரியில் கிடந்த செய்தி குப்பத்துக்குப் போய்விட்டது. அம்மா சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று கடிதம் வந்தது. உட்கார்ந்து ஏர்மெயில் தாளில் எழுதினேன். பயப்பட ஒன்றும் இல்லை, மலையில் வழி தவறிவிட்டது, கோதண்டம் கூடவே இருந்து காப்பாற்றினான், அவன் இல்லாவிட்டால் நான் இல்லை. இவ்வளவையும் என் கையால் எழுதி, ஒட்டி, தபாலில் போட்டேன்.

எதற்கு அந்தக் கடைசி வரி? வழி தவறிவிட்டது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். கூட வந்தவன் விட்டுவிட்டுப் போனான் என்று சொல்ல எனக்கு வெட்கம். வேண்டாத பூனையைக் கொண்டு போய் விடுகிற மாதிரி என்னை விட்டிருக்கிறான். அதை மறைக்கத்தான் ஒரேயடியாக அவனைத் தூக்கி வைத்துவிட்டேன்.

6

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் நைனாவிடமிருந்து கடிதம். அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. உன் கடுதாசியைக் கோயில் வாசலில் வைத்துப் படிக்கச் சொன்னோம், எல்லாரும் கேட்டார்கள், என் பிள்ளையைக் காப்பாற்றினவனுக்கு என்ன செய்யப் போகிறேன் என்று யோசித்தேன், மல்லிகாவை அவனுக்கே கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டோம், தை மாசம் கல்யாணம், அவன் புறப்பட்டு வருகிறான், உனக்கு லீவு கிடைத்தால் நீயும் வா.

அவன் அந்தப் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மாசமாகப் பேச்சு நடந்திருக்கிறது. என்னோடு ஒரே சட்டியில் தின்றுகொண்டே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இன்னாடா இது?"

"உங்க நைனாதான் கேட்டாரு. நானா போய்க் கேக்கல."

"நீ இன்னா செஞ்சன்னு தெரிஞ்சா கேட்டிருப்பாரா?"

"எழுதுனது நீ. நானா எழுதச் சொன்னேன்? எழுதாதன்னு மட்டுந்தான சொன்னேன்" என்றான். சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டான். "மல்லிகாவ நல்லாத்தான் வச்சிப்பேன்."

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவன் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினேன், அகப்படவில்லை.

மல்லிகா எட்டாவது வரை படித்தவள். அவள் பெயருக்கே எழுதினேன். நடந்தது நடந்தபடி. கல்லுக்குப் பக்கத்தில் நின்றது, கோட்டு, கீழே போய்ச் சொன்ன பொய், விசாரணையில் சொன்ன பொய், நான் எழுதின பொய். இவனை நம்பாதே, வேண்டாம் என்று சொல்லிவிடு, பழி என் மேல் வரட்டும் என்று முடித்தேன். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. பதில் வரவில்லை. கல்யாண போட்டோதான் வந்தது. கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நம் ஊர்த் தபாலைக் குறை சொல்வது எவ்வளவு வசதி.

மறு வருஷம் மல்லிகா இங்கே வந்தாள். பதினோரு வருஷம் ஆயிற்று. பொங்கலுக்கு இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம். எனக்கு அவன் மச்சான், என் பிள்ளைக்கு மாமா. அவள் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

7

இந்தச் செவ்வாய்க்கிழமை, கவிதா அந்தத் தாளைக் காட்டின மூன்றாம் நாள், மல்லிகா வீட்டுக்குப் போனேன். கோதண்டம் மன்றத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தான். ஓட்டத்துக்குப் பிள்ளைகள் மார்பில் குத்திக்கொள்கிற நம்பர் துணிகளை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது துணிக்கு மேல் இருக்கும். அவன் ஏற்றுக்கொண்டு வந்த வேலை, செய்கிறவள் இவள்.

கவிதா கேட்டதைச் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை.

"எல்லா எடத்துலயும் அதத்தான் சொல்றாரு. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நெசமாப் பூட்சி" என்றாள்.

இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தெரிந்தது. "மல்லிகா, கல்யாணத்துக்கு முன்னால நான் ஒனக்குத் தனியா ஒரு கடுதாசி எழுதினேன். வந்துச்சா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வந்துச்சு. கல்யாணத்துக்கு எட்டு நாளுக்கு முன்னாடி."

"வந்துச்சா?"

"நானேதான் போஸ்ட்மேன் கையில வாங்குனேன். நாலு தபா படிச்சேன்."

"அப்புறம் ஏம்மா?"

"உன்ன நம்பலண்ணே."

சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"மொத கடுதாசிய ஊரே கேட்டுச்சு. அம்மா அழுதுச்சு, நைனா அந்த வூட்டுக்குப் போய்க் கும்புட்டுட்டு வந்தாரு. அதுக்கப்பறம் நீ, அதெல்லாம் பொய்யி, இதான் நெசம்னு எழுதற. ரெண்டும் ஒன் கையெழுத்துதான். நா இன்னா பண்ணுவேன்? அங்க ரெண்டு பேருக்கும் எதுனா சண்ட வந்திருக்கும், அந்தக் காண்டுல எழுதறன்னு நெனச்சேன். அடுப்புல போட்டுட்டேன்."

"ஒரு வார்த்த எனக்கு எழுதியிருக்கலாமே."

"எழுதி? நீ மூணாவதா ஒண்ணு எழுதுவ." மறுபடியும் ஒரு நம்பர் துணியை எடுத்து விரித்தாள். "இங்க வந்த மூணாம் மாசமே தெரிஞ்சிகினேன், ரெண்டாவதுதான் நெசம்னு. அவரு கெட்டவரு இல்ல. அடிக்க மாட்டாரு, குடிக்க மாட்டாரு. ஆனா எதுனா ஒண்ணுன்னா மொதல்ல தாந்தான். நா ஆஸ்பத்திரியில கொழந்த தங்காம கெடந்தப்போ அவரு எங்க இருந்தாரு, ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. குழந்தை விஷயமே எனக்குத் தெரியாது.

"இங்கதான் ஒரு ஓட்டத்துல இருந்தாரு. சாயங்காலம் வந்து எத்தினியாவதா வந்தேன்னு சொன்னாரு."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். அம்மாவுக்கு இருக்கிற அதே கண்.

"அவரு உன்ன மலையில ரெண்டு மணி நேரம் வுட்டுட்டுப் போனாரு. அத நீ பதிமூணு வருசமா மனசுல வச்சிகினு இருக்கற. என்ன அவர்கிட்ட வுட்டது யாரு? தெனமும் வேலைக்கு இந்தத் தெரு வழியாத்தான் போற. கடுதாசி வந்துச்சா, நல்லாருக்கியான்னு ஒரு நாளு இந்தப் படி ஏறி வந்து கேட்டியா?"

கேட்கவில்லை.

அவள் மீதி இருந்த துணிகளை இஸ்திரி போட்டு முடித்தாள். நான் எண்களின்படி அடுக்கிக் கொடுத்தேன்.